இரும்புக் காலுக்கு அரப்புத் தேய்த்த வருஷம்

போன மாதம் பழங்காநத்தத்தில் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். இங்கே பாலம் கட்டுகிறார்களே, அந்த வேலையில் இருக்கிற இன்ஜினீயர். மஞ்சள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மாச்சி, எனக்கு ஒரு சந்தேகம்” என்றாள்.

“கேளு தாயி.”

“கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி, எங்க பொம்பளை ஆளுக இரும்புக் காலோட தலைய, எண்ணெய் போகத் தலைக்குத் தேச்சுக் குளிப்பமே, அந்த அரப்புப் பொடி போட்டுக் கழுவுறாங்க. ஆம்பளைகளக் கிட்டயே விடுறதில்ல. எதுக்குன்னு கேட்டா, அம்மன் குளிக்கிதுங்குறாங்க. நான் படிச்ச எந்தப் புஸ்தகத்துலயும் இது இல்ல. மேல இருந்து கேக்குறாங்க, நான் என்ன பதில் எழுத? உங்களக் கேட்டாத் தெரியும்னு சொன்னாங்க.”

எனக்குத் தெரியும். அந்த அம்மன் பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஆனால் வாயால் சொல்வதென்றால் எனக்கு இந்த எண்பது வயதிலும் கூச்சம். எழுதுவதென்றால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தது அதற்காவது உதவட்டும். எழுதித் தருகிறேன் என்றேன். பாலத்தின் திறப்பு விழா மலரிலும் போடுகிறோம் என்றாள். அதைக் கேட்டதும் மறுபடியும் கூச்சம் வந்துவிட்டது. இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

நான் பாலம் வேலைக்கு வந்தது பெரிய யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி. வீட்டுக்காரர் ரங்கூனுக்குப் போனவர், முதலில் கடுதாசி போட்டார், பிறகு அதையும் விட்டுவிட்டார். இங்கே மழை இல்லை. நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. கைப்பிள்ளை ஒன்று இருந்தது. எங்கள் தெருப் பேச்சியக்கா பெண்களைச் சேர்த்துக்கொண்டு நாகமலைக்கு மேற்கே ஒரு ஓடைப் பாலத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் வாசலில் நின்று, “ஏய் ராக்கு, வாரியா, இல்ல தபால்காரன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறியா?” என்றாள். பிள்ளையை ஆத்தாளிடம் விட்டுவிட்டுப் போனேன்.

மணல் சுமந்தேன், ஜல்லி உடைத்தேன், தண்ணீர் இறைத்தேன். சும்மாடு நழுவாமல் நடக்கவும், மேஸ்திரி வரும் நேரத்தில் உட்கார்ந்திருக்காமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். அம்புட்டுத்தான் படிப்பு. அதன் பிறகு என்னை இரும்புக் கால் வேலைக்கு மாற்றினார்கள்.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

அந்த ஓடை வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்துதான் கிடக்கும். ஆனால் தோண்டினால் மணல், அதற்குக் கீழே சேறு, அதற்குக் கீழேயும் மணல். கல் அஸ்திவாரம் நிற்காது. அதனால் நீளமான இரும்பு உத்திரங்களைச் செங்குத்தாக நிறுத்தி, உயரத்திலிருந்து இரும்புக் குண்டை இறக்கி இறக்கி அடித்துப் பூமிக்குள் செலுத்தினார்கள். ஆண்கள் கயிற்றைப் பிடித்துக் குண்டை மேலே இழுத்து, ஒரே நேரத்தில் விடுவார்கள். கால் விரல்கடை விரல்கடையாகக் கீழே போகும். இனிமேல் போகமாட்டேன் என்று அது அடம்பிடிக்கிற இடத்தில் நிறுத்திவிடுவார்கள். இப்படி ஒரு கூட்டமாகக் கால்களை இறக்கி, அவற்றின் தலைகளையெல்லாம் சேர்த்து ஒரே கட்டியாகக் கான்கிரீட் போட வேண்டும். அதைத் தொப்பி என்போம். தூண் நிற்பது தொப்பியின் மேல். தூணுக்கும் பூமிக்கும் சம்பந்தம் பேசி முடிக்கிறது அந்தத் தொப்பிதான். சம்பந்தத்தில் பிடிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரங்கூன் பக்கம் பார்த்தால் போதும்.

அடிபட்ட காலின் தலை பிதுங்கி நசுங்கிப் போயிருக்கும். அந்தப் பகுதியை ஃபிட்டர் காதர் பாய் ரம்பத்தால் அறுத்து எடுப்பார். டவுன்காரர். வேலையின்போது பேசமாட்டார், ஆனால் நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியும். அறுத்த பிறகு தலையில் துளை போட்டு, குறுக்கே கம்பிகளை நுழைத்து, முனைகளை வளைத்துவிடுவார். தொப்பிக்குள்ளே ஒரு முழத்துக்குக் குறையாமல் தலை நிற்க வேண்டும். சுற்றிலும் கம்பிக் கூடு கட்டுவார்கள். அதற்கப்புறம் நாங்கள் இறங்குவோம்.

ஓடைச் சேற்றைத் தகரத்தால் சுரண்ட வேண்டும். செதில் செதிலாக இருக்கிற துருவைக் கம்பிப் பிரஷால் தேய்க்க வேண்டும். உத்திரத்தின் இரண்டு பக்கத் தட்டும் நடுத் தகடும் சேருகிற மூலை இருக்கிறதே, அங்கேதான் அழுக்கு குடியிருக்கும். பிரஷ் போகாது. தேங்காய் நாரில் மணலைத் தொட்டு, விரலை உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். கடைசியில் உலர்ந்த சாக்கால் துடைக்க வேண்டும். இரும்பு பளபளக்க வேண்டியதில்லை. தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டக் கூடாது, அவ்வளவுதான். எனக்குக் கை ஒல்லி. அதனால் மூலைகளெல்லாம் எனக்கு.

வேலையை மேற்பார்த்த வெள்ளைக்கார இன்ஜினீயர் துரை சின்ன வயதுக்காரர். மூக்கு வெயிலில் உரிந்து உரிந்து வெங்காயம் மாதிரி இருக்கும். அவர் யாரையும் திட்டியதில்லை. குழிக்குள் இறங்கி வருவார். பையிலிருந்து மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உதறுவார். ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, மூலையில் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். துணி வெள்ளையாக இருந்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தன் தலைத் தொப்பியின் விளிம்பை ஒரு விரலால் தொடுவார். கறை இருந்தால் அந்தத் துணியை எங்களுக்குக் காட்டுவார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி. ஒரு வார்த்தை பேசமாட்டார். பிற்காலத்தில் எத்தனையோ அதிகாரிகள் என் குலத்தையே இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். ஒன்றும் அந்தத் துணி மாதிரி உறைத்ததில்லை.

ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, தொப்பிக்கு அடைப்பாக நிற்கிற பலகையைக் காட்டினார். தச்சர்கள் அதில் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு பலகை சுளுவாகப் பிரிந்து வர வேண்டுமே, அதற்காக. துரை பலகையையும் இரும்பையும் மாறி மாறிக் காட்டி, வியர்வை வடிய நெடுநேரம் பேசினார். துரையின் இங்கிலீஷை எங்களுக்குத் தமிழில் சொல்கிற ஓவர்சியர் எங்கள் பக்கம் திரும்பி, “பிரியணும்னா எண்ணெய். பிரியக்கூடாதுன்னா எண்ணெய் ஆகாது. விளங்குச்சா? போய் வேலையப் பாருங்க” என்றார்.

ஓவர்சியரின் வழக்கம் அது. துரை நீளமாகச் சொன்னால் இவர் எங்களுக்குக் குட்டையாகச் சொல்வார். நாங்கள் குட்டையாகச் சொன்னால் துரையிடம் நீளமாகச் சொல்வார். இரண்டு பக்கமும் வராத சண்டையை வரவைக்காமல் இருக்கவும், வந்த சண்டையில் தான் மாட்டாமல் இருக்கவும் அவருக்கு அந்த ஏற்ற இறக்கம் தேவைப்பட்டது.

காண்ட்ராக்டர் பெரிய பக்திமான். ஓடைக் கரையில் ஒரு கருப்பன் கோயில் உண்டு, அதற்கு ஒரு பூசாரியும் உண்டு. கருப்பன் எல்லைக்குள் குண்டு போட்டு இடிக்கிறோமே, கோபித்துக்கொள்வாரே என்று காண்ட்ராக்டருக்குப் பயம். அதனால் இறக்கிய ஒவ்வொரு இரும்புக் காலும் கருப்பன்தான் என்று தீர்மானித்துவிட்டார். பூசாரியைக் கூப்பிட்டால் தட்சிணை, தேங்காய் மூடி, சேவல் என்று இழுக்கும். அதனால் பூசையும் அவரே. விடிந்ததும் குளித்துவிட்டு வந்து, நாங்கள் முதல் நாள் சாயங்காலம் தேய்த்து வைத்த தலைகளுக்கெல்லாம் குங்குமம் அப்பிவிட்டுப் போவார்.

அவர் போன பிறகு துரை வருவார். கைக்குட்டையை இழுப்பார். சிவப்பு.

அவருக்கு அது துரு. நேற்றுச் சாயங்காலம் வெள்ளையாக இருந்த இரும்பு ஒரே ராத்திரியில் இம்புட்டுச் சிவப்பாகத் துருப்பிடிக்கிற அதிசயத்தை அவர் சீமையில் கண்டதில்லை. துணியைக் காட்டுவார், நாங்கள் மறுபடியும் தேய்ப்போம். மறுநாளும் சிவப்பு. ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பட்டணத்துக்கு அனுப்பினார். கரைமண்ணைப் பொட்டலம் கட்டி அனுப்பினார். இந்த ஊர்க் காற்றைப் பற்றிப் பெரிய ஆபீசுக்கு எழுதியிருக்கிறார் என்று காதர் பாய் சொன்னார்.

பேச்சியக்காவுக்குப் பொறுக்கவில்லை. “அது குங்குமம்னு சொல்லிருங்களேன் சாமி. ஒரு இரும்ப எம்புட்டு நாளைக்குத் தேய்க்கிறது?” என்று ஓவர்சியரிடம் கேட்டாள்.

“சொன்னா என்ன ஆகும்? துரை சாமி கும்புடாதேம்பாரு. காண்ட்ராக்டரு வேலைய நிப்பாட்டுவாரு. நான் நடுவுல நிப்பேன். துருன்னா யாருக்கும் கோவமில்ல. அது பாட்டுக்குத் துருவாவே இருக்கட்டும் ஆத்தா” என்றார் அவர்.

இப்படி இருக்கும்போது பெரிய ஆபீசிலிருந்து ஒரு கேள்வி வந்தது. காலின் தலையைக் கான்கிரீட்டே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமென்றால், துளை போட்டுக் கம்பி நுழைப்பது எதற்கு, அது வீண்தானே என்று. துரை, பேசிப் பயனில்லை, செய்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். கரையோரமாக ஒற்றைக் கால் ஒன்றைத் தனியாக இறக்கச் சொன்னார். அதற்குத் துளை இல்லை, கம்பி இல்லை. வெறும் தலை. அதன் மேல் ஒரு தொப்பி போட்டு, இறுகிய பிறகு கீழேயிருந்து ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

அந்தத் தலையைத் தேய்த்தது நான். காண்ட்ராக்டர் அன்றைக்குப் பூசையை நல்ல நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்; அதனால் காலையில் துரை கைக்குட்டையை இழுத்தார், வெள்ளை. தொப்பி விளிம்பைத் தொட்டுவிட்டு, சாப்பிடக் கூடாரத்துக்குப் போனார். காண்ட்ராக்டர் பார்த்து வைத்திருந்த நல்ல நேரம் சரியாகத் துரையின் சாப்பாட்டு நேரத்தில் வந்து அமைந்தது.

முதல் கான்கிரீட் ஆயிற்றே, வெறும் குங்குமம் போதுமா? செம்பு நிறைய நல்லெண்ணெய் கொண்டுவந்தார். பேச்சியக்கா குறுக்கே போய், “அண்ணே, துரை எண்ணெய் ஆகாதுன்னு அம்புட்டுத் தூரம் சொன்னாரே” என்றாள்.

“அது பலகைக்குப் பூசுற விளக்கெண்ணெய். இது செக்குல ஆட்டுன நல்லெண்ணெய். சாமிக்கு வைக்கிறது. ரெண்டும் ஒண்ணா? தள்ளு” என்றார். உச்சியிலிருந்து மூலை மூலையாக ஒழுகவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் விரலால் தேய்த்த மூலையெல்லாம் எண்ணெய் நின்றது. துரை வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது தலை கான்கிரீட்டுக்குள் போயிருந்தது. சந்தோஷமாகத் தலையாட்டினார்.

மாதம் ஒன்று போல ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளித்தோம். பிறகு ஒருநாள் தொப்பியின் இரண்டு ஓரத்துக்கும் கீழே பாறாங்கல் வைத்து, அதன் மேல் ஜாக்கி வைத்தார்கள். பெரிய ஆபீசிலிருந்தும் யாரோ வந்து குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். காதர் பாய் ஜாக்கிக் கம்பியை நாலு தரம் ஆட்டியிருப்பார். எண்ணெய் தடவின குழியிலிருந்து இட்லி வருமே, அப்படித் தொப்பி முழுசாகக் கழன்று மேலே வந்தது. தலை கீழே தனியாக, பளபளவென்று நின்றது. ஒரு சத்தம் இல்லை. கருப்பன் ரொம்ப மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி வைத்தது போல இருந்தது.

துரை முகம் செத்துப் போயிற்று. “யார் தேய்த்தது?” என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“தேய்ச்சியா?” என்றார் ஓவர்சியர்.

“தேய்ச்சேன்.”

ஓவர்சியர் அந்த ஒரு சொல்லை இங்கிலீஷில் நெடுநேரம் சொன்னார். எனக்கு மொழி தெரியாது. ஆனால் நடுவில் என் ஒல்லிக் கையைக் காட்டினது தெரிந்தது. எண்ணெய் என்கிற வார்த்தை என் நாக்கு வரைக்கும் வந்தது. எதிரே காண்ட்ராக்டர் நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றார். சுற்றிலும் ஓடைக்கரை ஊர்க்காரர்கள். சாமிக்கு வைத்த எண்ணெயால்தான் கெட்டது என்று அத்தனை பேருக்கு நடுவில் சொல்லக் கூசி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

துரை முட்டாள் இல்லை. கைக்குட்டையால் தலையைத் துடைத்து மோந்து பார்த்தார். “ஆயில்” என்றார். அந்த வார்த்தை எல்லாருக்கும் விளங்கியது. ஓவர்சியர்தான் முதலில் சமாளித்தார். எங்கள் பக்கம் கையைக் காட்டி, தன் தலைமயிரைத் தொட்டுக் காட்டி, என்னவோ சொன்னார். துரை எங்கள் தலைகளைப் பார்த்தார். பிறகு வருத்தமாக இரண்டு வார்த்தை சொன்னார்.

ஓவர்சியர் திரும்பினார். “பொம்பளைக தலையில வைக்கிற எண்ணெய் கைவழியா இரும்புல ஏறிருச்சாம். இந்த வாரத்தோட பொம்பளை ஆளு வேண்டாம்னுட்டாரு. திருப்பரங்குன்றத்துப் பக்கமிருந்து ஆம்பளை ஆளு வருது.”

எனக்கு வீட்டில் உலைப்பானைதான் கண்ணில் தெரிந்தது. அந்த வருஷம் வேறே எங்கும் வேலை கிடையாது. பேச்சியக்கா சும்மாட்டை இழுத்துக் கீழே போட்டாள். துரைக்கு முன்னால் போய்த் தலையைக் குனிந்து காட்டினாள். தேங்காய் நார் மாதிரி செம்பட்டை அடித்துக் கிடந்தது.

“இந்தத் தலை எண்ணெயக் கண்டு எம்புட்டு நாளாச்சுன்னு நல்லாப் பாருங்க துரை. எங்களுக்கு எண்ணெய் கெடைச்சா நாங்க கொழம்புக்கு ஊத்த மாட்டமா, இரும்புலயா தேய்ப்போம்?”

“என்ன சொல்கிறாள்?” என்று துரை கேட்டிருக்க வேண்டும். ஓவர்சியர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். மன்னிப்புக் கேட்கிறாள் என்று சொன்னாராம், காதர் பாய் பிறகு சொன்னார். துரை அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கிற தலை மாதிரி அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அந்த நேரத்தில் கருப்பன் கோயில் பூசாரி வந்தார். ஏதோ விசேஷம், கூட்டம் நிற்கிறது, தன்னைக் கூப்பிடாமல் தேங்காய் உடைக்கிறார்களோ என்று பார்க்க வந்தவர். கழன்ற தொப்பியைப் பார்த்தார். தலையைத் தொட்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

“எண்ணெய் வச்சது யாரு?”

காண்ட்ராக்டருக்குப் பூசாரியிடம் பொய் சொல்லத் தைரியமில்லை. “நான்தான் வச்சேன்.”

“வச்சுட்டு?”

“வச்சுட்டுக் கான்கிரீட் போட்டோம்.”

“அரப்புப் போடல. முழுக்காட்டல. துடைக்கல.” பூசாரி ஒவ்வொன்றாக விரலை மடக்கினார். “மாப்ள, எண்ணெய்க்காப்பு வச்ச சாமிய அப்படியே எண்ணெயோட விட்டு எந்தக் கோயில்லயாச்சும் தலப்பா கட்டிப் பாத்திருக்கியா? நீ தலைக்கு எண்ணெய் தேச்சா, குளிக்காமத்தான் துண்டக் கட்டிக்கிட்டுத் தாலுக்காக் கச்சேரிக்குப் போவியா? கருப்பன் தொப்பியக் கழட்டி எறியாம என்ன செய்வான்? பூசை தெரிஞ்சவனக் கூப்பிட்டிருந்தா இந்தக் கேடு வருமா?”

காண்ட்ராக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். ஓவர்சியர் பூசாரியைத் துரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி மறுபடியும் நீளமாகப் பேசினார். பக்கத்தில் நின்ற காதர் பாய் முதன்முதலாக வேலை நேரத்தில் சிரித்தார். “யா அல்லா, பூசாரிய கெமிஸ்ட்டுன்னு சொல்றாரும்மா. எண்ணெய எடுக்குற பச்சிலைப் பொடி இவருக்குத் தெரியுமாம்” என்றார் எங்களிடம்.

துரை கெமிஸ்ட்டோடு கை குலுக்கினார். அரப்புப் பொடியைக் கொண்டுவரச் சொல்லி, விரலால் தொட்டு மோந்து, இரும்பில் தேய்த்துப் பார்த்தார். எண்ணெய் விட்டது. இன்னொரு ஒற்றைக் கால் இறக்கி இதேபோல் கழுவிச் சோதனை செய்வோம், அது தாங்கினால் பெண்கள் இருக்கட்டும், கழன்றால் போகட்டும் என்று முடிவு சொன்னார்.

எங்களுக்குப் பாதி உயிர் வந்தது. மறுநாள் அதுவும் போயிற்று. கம்பிப் பிரஷை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கப் போனால், காண்ட்ராக்டர் கையை நீட்டி மறித்தார்.

“சாமிக்கு முழுக்கு நடக்குது. பொம்பளைக தொடக்கூடாது. பூசாரியும் என் மச்சினனும் பாத்துக்குவாக.”

“அப்ப இத்தன நாளா நாங்க தேய்ச்சது?” என்றாள் பேச்சியக்கா.

“அது துரு.”

“இது?”

“முழுக்கு.”

அதே இரும்பு, அதே பிரஷ், அதே மூலை. தொப்பி கழன்றாலும் எங்களுக்கு வேலை இல்லை, கழலாவிட்டாலும் வேலை இல்லை என்று ஆகிவிட்டது. கரையில் உடைமரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தோம். பேச்சியக்கா கஞ்சித் தூக்கைத் திறந்தாள். “குடிங்கடி. சாமி குளிக்கிறத வேடிக்கை பாத்துக்கிட்டே குடிப்போம்.”

சித்திரை வெயில். இரும்பு தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்தது. பூசாரி மடியைக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் எண்ணெய்க்காப்பு வைத்தார், அது முறை. பிறகு அரப்பு. பிறகுதான் தேய்க்க வேண்டியிருந்தது. அவர் கை சோறு கண்ட கை, மூலைக்குள் விரலே போகவில்லை. மச்சினன் கம்பிப் பிரஷைத் திருப்பிப் பிடித்து முட்டியைக் கிழித்துக்கொண்டான். தேய்த்தார்கள், கழுவினார்கள். துரை இறங்கினார், கைக்குட்டையை இழுத்தார். கறுப்பு. பூசாரிக்குத் துணியைக் காட்டினார், அந்தத் துக்க முகத்தோடு. மறுபடியும் தேய்த்தார்கள். மறுபடியும் கறுப்பு. துணி பூசாரிக்கும் உறைத்தது. கெமிஸ்ட் என்று கை குலுக்கினவர் முகத்தை எத்தனை தரம்தான் பார்ப்பார்?

உச்சிவெயில் ஏறினபோது பூசாரி பிரஷைக் கீழே போட்டார். கண்ணைச் சொருகினார். உடம்பு குலுங்கியது. காண்ட்ராக்டர் பதறிப்போய்ச் சூடம் கொளுத்தினார்.

“சாமி, என்ன குறை? சொல்லணும்.”

“இங்க நிக்கிறது நானில்லடா” என்றார் பூசாரி, கருப்பன் குரலில்.

“பின்ன யாரு சாமி?”

“என் தங்கச்சி. அம்மன் நிக்கிறா. குளிக்கிற எடத்துல ஆம்பளைக்கு என்னடா சோலி? எந்திரிச்சுப் போங்கடா.”

இதைச் சொல்லிவிட்டு அவரே முதல் ஆளாகக் குழியை விட்டு ஏறி நிழலுக்கு வந்தார். மச்சினன் அவருக்கு முன்னால் ஏறிவிடப் பார்த்தான், கருப்பன் விடவில்லை.

காண்ட்ராக்டர் எங்களிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டே, “ஆத்தா, நீங்கதான் இறங்கணும்” என்றார்.

பேச்சியக்கா அவசரப்படவில்லை. தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். “நல்லவேளை அம்மன் இப்ப வந்துச்சு. காலையிலயே வந்திருந்தா நாங்க கஞ்சி குடிச்சிருக்க முடியாது. வாடி ராக்கு.”

தேய்த்தேன். அரப்பும் மணலுமாக ஒவ்வொரு மூலையாக விரலை விட்டுத் தேய்த்தேன். கழுவி, சாக்கால் ஈரம் போகத் துடைத்து, மேலே ஒருதரம் பிரஷ் போட்டேன். துரையை இறங்கவிடலாமா என்று ஒரு சிக்கல் வந்தது, அவரும் ஆண்தானே. வெள்ளைக்காரருக்குத் தோஷமில்லை என்று பூசாரி நிழலிலிருந்தே சொல்லிவிட்டார். கைக்குட்டை வெள்ளையாக வந்தது. துரை என்னைப் பார்த்துத் தொப்பி விளிம்பைத் தொட்டார்.

துரை சாப்பிடப் போனதும் காண்ட்ராக்டர் பழக்கதோஷத்தில் எண்ணெய்ச் செம்போடு வந்தார். பேச்சியக்கா குழி வாசலில் குந்தியிருந்தாள், கையில் பிரஷ்.

“அண்ணே, எங்க வாரீக? அம்மன் குளிச்சுட்டு ஈரத்தலையோட நிக்குது.”

“ஒரு சொட்டு எண்ணெய்...”

“குளிச்ச தலைக்கு யாராச்சும் உடனே எண்ணெய் வைப்பாகளா? ஆம்பளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? தள்ளி நில்லுங்க.”

காண்ட்ராக்டர் தள்ளி நின்றார். துரை அத்தனை வியர்வை சிந்திச் சொல்லியும், கைக்குட்டை கைக்குட்டையாக அழுக்காக்கியும் நிறுத்த முடியாத எண்ணெய் அன்றைக்கு நின்றது. கான்கிரீட் வெறும் இரும்பின் மேல் விழுந்தது.

மறுபடி ஈரச்சாக்கு, மறுபடி காத்திருப்பு. தொப்பி கழன்றால் எல்லாரும் வீட்டுக்குத்தான். சோதனையன்று காதர் பாய் ஜாக்கியை ஆட்டினார். நாலு தரம் தாண்டியது. தொப்பி அசையவில்லை. அவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டினார். கீழே வைத்த பாறாங்கல்லில் ஒன்று படீரென்று பிளந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது துரை மண்டியிட்டு, காலும் மண்ணும் சேருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மண்ணிலிருந்து விரல்கடை மேலே வந்திருந்தது. தொப்பியோ தலையை விடவில்லை. பூமி விட்டாலும் தொப்பி விடமாட்டேன் என்றது.

துரை சிரித்தார். பேச்சியக்காவைப் பார்த்து என்னவோ சொன்னார். ஓவர்சியர், “இருந்துக்கங்க” என்றார். இந்தத் தடவை அது எவ்வளவு நீளத்தைக் குறைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

குறுக்குக் கம்பி வீணா இல்லையா என்ற கேள்விக்குப் பெரிய ஆபீஸ், பிடிப்பும் இருக்கட்டும், கம்பியும் இருக்கட்டும் என்று பதில் எழுதியது. அரப்பு என்றால் என்ன சாமான், எந்தக் கம்பெனி செய்கிறது என்றும் கேட்டது. அந்தக் கடிதப் போக்குவரத்து பாலத்தைவிட நீளமாகப் போயிற்று. அதற்குள் நாங்கள் எல்லாக் கால்களையும் தேய்த்து முடித்துவிட்டோம். அத்தனையும் அம்மன். ஆண் கை ஒன்றும் படவில்லை, எண்ணெயும் படவில்லை. துரையின் கைக்குட்டையில் அதன்பிறகு சிவப்பு வரவே இல்லை. ஓடைக் காற்று சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பாலம் திறக்கிற நாள் வந்தது. தோரணம் கட்டி, நாயனம் வைத்து, பெரிய மனிதர் ஒருவர் காரில் வந்தார். நாங்களும் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனோம். காண்ட்ராக்டர் மச்சினனை அனுப்பி, கரைக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். பேச்சியக்கா நேரே அவரிடமே போய்விட்டாள்.

“என்னண்ணே, எங்க அம்மனுக்கு விசேஷம், எங்களத் தள்ளி நிக்கச் சொல்றீக?”

“இன்னைக்குக் கருப்பனுக்குப் பூசை ஆத்தா. கெடா வெட்டு. பொம்பளைக நிக்கக்கூடாது.”

“அம்மன் எங்க போச்சு?”

காண்ட்ராக்டர் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “அடுத்த பாலத்துக்குப் போயிருச்சு. நாளைக்குக் காலையில நீங்களும் அங்க வந்துருங்க.”

“அப்ப வாரோம்” என்றாள் பேச்சியக்கா. நாங்கள் சிரித்துக்கொண்டே திரும்பினோம். சாகிற வரைக்கும் பேச்சியக்காவுக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதுதான் வேலை.

போனோம். அதற்கடுத்த பாலத்துக்கும் போனோம். யுத்தம் வந்தது, துரை போய்விட்டார், சுதந்திரம் வந்தது, ஓவர்சியர்கள் மாறினார்கள். கைக்குட்டை போய் டார்ச் லைட் வந்தது. முழங்கால் மடங்காமல் போகிற வரை நான் தேய்த்தேன். போன இடமெல்லாம் எங்கள் பெண்கள் அரப்புப் பொட்டலத்தையும் அம்மனையும் கூடவே கொண்டுபோனார்கள், எண்ணெய்ச் செம்போடு யாராவது வந்துவிடுவார்களே என்று. இன்ஜினீயர் பெண்ணே, உன் மேலிடத்துக்கு இதுதான் பதில். இரும்பு சுத்தமாக இருந்தால் அரப்பு தேவையில்லை. அம்மன் தேவை.

திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு உண்டு, முன்வரிசையில் நாற்காலி உண்டு என்று நீ சொன்னாய். வேலை செய்கிற பெண்களுக்கும் உண்டா என்று கேட்க எனக்குக் கூச்சம். அதனால் ஒன்று மட்டும் விசாரித்துச் சொல். அன்றைக்கு அங்கே என்ன சாமி, அம்மனா, கருப்பனா?